நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் இப்போது

இருபத்தோரு நொடிக்கு ஒருமுறை
ஒரு டிக்.
சோற்றில் கல் கடிபட்ட மாதிரி
சிவகௌரியின் கமகத்துக்குள்.

ஓல்டன். ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் நிலவறை ஸ்டூடியோ.
ஞாயிறு, மாலை ஏழேகால்.
பத்துக்கு அவளுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி,
சீருடை பைக்குள் மடித்திருக்கிறது.

அனோஜனின் மோதிரத்தைக் கழற்றச் சொன்னோம்.
ஹீட்டரை நிறுத்தினோம்.
மைக் கம்பியை மாற்றினோம்.
கைப்பேசிகளை பிஸ்கட் டின்னில் போட்டு மூடி
படிக்கட்டில் கொண்டுபோய் வைத்தோம்.
"என்ட தொண்டையோ?" என்றாள்.
யாரும் பார்க்காத நேரம் பார்த்து வெந்நீர் குடித்தாள்.

டிக்.

காலையில் வந்தது வேறு தொல்லை.
பாரிஸிலிருந்து அனுப்பிய தம்புராவை
நாற்பத்துநாலாயிரத்து நூறில் பதிந்திருந்தார்கள்,
நான் நாற்பத்தெட்டாயிரத்தில் ஓட்டிவிட்டேன்.
ஐந்து கட்டை, ஐந்தரையைத் தாண்டி
ஆறைத் தொடாமல்
ஊரில் எந்தப் பெட்டியிலும் இல்லாத இடுக்கில் போய் நின்றது.
எல்லோரும் சிரித்தோம். திருத்த அரை நிமிடம்.
பெரிய பிழைகள் நல்லவை,
கத்திக்கொண்டே வருகின்றன.

இது அப்படியில்லை.
ரெட்டோ இன்றுதான் கொண்டுவந்தான் அந்தப் புதுப் பெட்டியை.
எட்டு வாய், ஒரு நீலக் கண்,
என் மேசையைவிட விலை கூட.
அதுவும் நாற்பத்தெட்டாயிரம் என்றது,
என்னுடையதும் நாற்பத்தெட்டாயிரம் என்றது.
இரண்டும் பொய் சொல்லவில்லை.

ஒன்பதுக்கு மேசைக்கடியில் மல்லாந்து படுத்து
டார்ச் அடித்தேன்.
கடிகாரம்: உள், என்றது என் பெட்டி.
கடிகாரம்: உள், என்றது அவன் பெட்டி.
ஒரு பாட்டுக்கு இரண்டு பேர்
தங்கள் தங்கள் தொடையில் தாளம் போடுகிறார்கள்.
பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் பிசகு.
ஆனால் அது சேர்கிறது,
இருபத்தோராவது நொடியில்
ஒரு முழுத் துளியாகி
வழுக்கி விழுகிறது.

"என்னுடையது ஏன் பின்னால் போகவேண்டும்?" என்றான் ரெட்டோ.
"அதன் கடிகாரம்தானே நல்லது?"
உண்மைதான்.
ஆனால் ஒன்பது வருடமாக இந்த அறைக்கு நேரம்
என் பெட்டியிலிருந்து வருகிறது,
வாடகை என் பேரில்,
பூஞ்சணம் துடைத்தது நான்.
இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை,
திருப்புளியைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் தேடினேன்.

இந்த ஊர் நிலையத்தில் சிவப்பு நொடிமுள்
ஒவ்வொரு சுற்றிலும் உச்சியில் நின்று
எங்கிருந்தோ ஒரு சொல் வரும்வரை காத்திருந்து
பிறகுதான் இறங்குகிறது.
அதில் அதற்கு ஒரு மானக்கேடும் இருப்பதாகத் தெரியவில்லை.

வெளி, என்று மாற்றினேன் என் பெட்டியை.
பின்தொடரும் பெட்டிக்கு என் பழைய கையேட்டில் ஒரு சொல் உண்டு,
அதை நான் தமிழில் சொல்வதில்லை.
ஒரு மீட்டர் கம்பி. நுனியில் எழுபத்தைந்து ஓம் மூடி.
அந்தக் கம்பியில் இசை ஓடாது.
இப்போது, இப்போது, இப்போது
என்பது மட்டும்.
சிவப்பு விளக்கு தயங்கியது, சிமிட்டியது,
பச்சையில் நின்றது.

எழுந்தபோது தலை இடித்தது.
மணி ஒன்பது நாற்பத்தைந்து,
அவள் நாற்காலியில் வெந்நீர்க் குவளை மட்டும்.
அடுத்த லீவு அவளுக்கு அடுத்த மாதம்.

வெற்றறையைப் பதிந்தோம்.
இருபத்தொன்று. நாற்பத்திரண்டு. அறுபத்து மூன்று.
மூன்று பேரின் மூச்சு,
பாலத்தில் பாசல் ரயில்,
வேறொன்றும் இல்லை.

அவள் பாடிவிட்டுப் போனது ஆறு நிமிடம், பதினேழு கற்கள்.
விடிய விடிய ஒவ்வொன்றாக
அலையைப் பெரிதாக்கி, முறிந்த இடத்தில் கோடு வரைந்து
பதினாறை எடுத்தேன்.
ஒன்று மட்டும்
பல்லவி திரும்பும் இடத்தில், சமத்தில்,
வலந்தலை அடியோடு
மயிரிழை பிசகாமல் விழுந்திருந்தது.

புதன்கிழமை அதைக் கேட்டுவிட்டு
"அந்த ஓர் அடி!" என்று அனோஜனின் முதுகில் தட்டினான் ரெட்டோ.
அனோஜன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.
மறுக்கவில்லை.
நானும்.